எலிகளுக்கு மட்டும் அஞ்சலி

விலங்கைக் கொல்வது பாவம் என்று அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் வருஷத்துக்கு ஒருமுறை, செப்டம்பர் மாதம் ஊரே முன்னோரைக் கும்பிடுகிற வாரத்தில், பிக்குவை வரவழைத்து, ஊதுவத்தி கொளுத்தி, செத்த விலங்குகளுக்கு முன்னால் வரிசையாக நின்று தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். கேட்டு முடித்ததும் மத்தியானச் சாப்பாடு. மறுநாள் காலையில் மறுபடி கொல்லத் தொடங்குவார்கள்.

டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்து முடிந்த மறு வருஷம் அது. வடக்குப் பக்கத்து அந்த மாகாணத்துக்குப் புதிதாக ஒரு கொழுப்பு வந்திருந்தது. கொகானே, அதாவது பொன், என்று அதற்குப் பெயர். மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, முட்டைக்கரு எல்லாம் சேர்த்து இறுக்கிய மஞ்சள் கட்டி. ரொட்டியில் தடவவும் ஆகும், வறுக்கவும் ஆகும். அதைத் தயாரித்த சங்கமே ஆய்வகத்துக்குக் கட்டடமும் கட்டிக்கொடுத்தது. கொகானே உடம்புக்கு நல்லது என்று கண்டுபிடிப்பது ஆய்வகத்தின் வேலை. நல்லதா என்று கண்டுபிடிப்பது அல்ல. இந்த வித்தியாசம் பிடிபட வகுயா தொமிகோவுக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

தொமிகோவுக்கு முப்பத்தைந்து வயது. விலங்குகளைக் கொன்று, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயை நீளவாக்கில் கீறி விரித்து, சிவப்புச் சாயத்தில் முக்கித் தட்டில் வைப்பது அவள் வேலை. சாயம் கொழுப்பில் மட்டும்தான் ஒட்டும். குழாயின் உள்சுவரில் எங்கெல்லாம் கொழுப்பு படிந்திருக்கிறதோ அங்கெல்லாம் சிவக்கும். கை நடுங்காத பெண் என்று அவளுக்குப் பெயர். கை நடுங்காததற்கு ஒரு காரணம் உண்டு. ஊசி போடும் முன் ஒவ்வொரு விலங்கின் காதோரமும் குனிந்து அவள் ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்.

"செப்டம்பர்ல உனக்குப் பூசை உண்டு, பொறுத்துக்கோ."

சொல்லிவிட்டால் மனசு ஓரளவு ஆறும். கட்டடத்துக்குப் பின்னால், சீமைப்பனிச்சை மரத்தடியில் ஆளுயரக் கல் ஒன்று நிற்கிறது. 'ஆய்வு விலங்குகளின் ஆவிகளுக்கு' என்று இயக்குநர் கொனுமா தாமே தூரிகை பிடித்து எழுதிக்கொடுத்து, அந்த எழுத்தை அப்படியே செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கல்லை தொமிகோ நம்பினாள். மற்றவர்களுக்கு அது ஒரு சடங்கு; அவளுக்கு அது கொடுத்த வாக்கு.

முதலில் முயல்கள் வந்தன. பாதிக்குப் புல்லும் தவிடும். மீதிக்கு அதே புல், அதே தவிடு, கூடவே கொகானே. குளிர்காலம் முழுக்கத் தின்றன. வசந்தத்தில் தொமிகோ குழாய்களை விரித்து வைத்தபோது புல் தின்றவை வெளுப்பாக இருந்தன. கொகானே தின்றவை செக்கச் செவேலென்று, உள்ளே கஞ்சி காய்ந்து ஒட்டிய பாத்திரம் மாதிரி தடித்துக் கிடந்தன. விரலால் தொட்டாலே நெருநெருத்தது. அவளுக்குச் சந்தோஷம்தான், கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்டுபிடித்துவிட்டோமே என்று தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கூட்ட அறைக்குப் போனாள்.

கொனுமா நல்ல உயரம், நல்ல குரல். தினமும் காலையில் வானொலி உடற்பயிற்சி முடிந்ததும் ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் உபதேசம் செய்கிற வழக்கம் உள்ளவர். அவர் தட்டுகளை ஒருமுறை பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பிறகு பேசினார்.

"முயல் எதைத் தின்னும்? புல்லு. பரம்பரை பரம்பரையாப் புல்லத் தின்ன வயித்துக்குத் திடீர்னு கொழுப்பக் குடுத்தா அதிர்ச்சியாகாதா? இது கொகானேயோட குத்தமில்ல, முயலோட குத்தம். எழுதிக்குங்க. முயல் வேற, மனுசன் வேற."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். தொமிகோவும் எழுதிக்கொண்டாள். யோசித்துப் பார்த்தால் நியாயமாகக்கூடப் பட்டது. முயல் மனிதன் இல்லைதானே.

அடுத்து பன்றிகள் வந்தன. பன்றி புல்லும் தின்னும், சோறும் தின்னும், போட்டதையெல்லாம் தின்னும். வயிறும் நம் வயிறு மாதிரியே. அவற்றின் குழாய்களும் சிவந்தன. கொனுமா இந்த முறை தட்டைப் பார்க்கவே இல்லை. பன்றிக்கு ஒழுக்கம் கிடையாது, உடற்பயிற்சி கிடையாது, சேற்றில் புரண்டு எழுந்து மறுபடி தின்னும், அப்படிப்பட்ட ஜீவனின் இதயத்தை உழைக்கும் ஜப்பானியனின் இதயத்தோடு ஒப்பிடுவது தேசத்துக்கே அவமானம் என்றார். பன்றி வேறு, மனிதன் வேறு என்று எழுதிக்கொண்டார்கள்.

குரங்குகள் வந்தன. குரங்குகளின் குழாய்கள்தான் எல்லாவற்றிலும் மோசம். தொமிகோ அந்த வாரம் வீட்டில் சோறு இறங்காமல் கிடந்தாள். இதற்குமேல் இயக்குநர் என்ன சொல்லிவிட முடியும் என்று அவள் நினைத்தாள். பாவம், அவளுக்கு இயக்குநர்களைப் பற்றித் தெரியாது.

"குரங்கு மனுசனுக்கு ரொம்பக் கிட்ட வந்துடுச்சு," என்றார் கொனுமா. "செய்தித்தாள மூக்குல ஒட்டி வெச்சுப் படிச்சா எழுத்து தெரியுமா? ஆராய்ச்சிக்கு ஒரு தூரம் வேணும்."

கடைசியில் எலிகள் வந்தன. கொகானேயை மூக்கு முட்டத் தின்றன, கொழுத்தன, செத்தன. குழாயை விரித்தால் கழுவி வைத்த மாதிரி வெளுப்பு. ஆய்வகமே எழுந்து நின்று கை தட்டியது. கொனுமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எலி யார் வீட்டில் வாழ்கிறது, மனிதன் வீட்டில்; யார் அரிசியைத் தின்கிறது, மனிதன் அரிசியை; வருஷத்துக்கு ஒன்றாகப் பெயர் வைத்த பன்னிரண்டு விலங்குகளில் முதலில் வந்து நின்றது யார், எலி; முயல் நாலாவது, குரங்கு ஒன்பதாவது, பன்றியோ கடைசி; முன்னோர்கள் காரணமில்லாமலா வரிசை வைத்தார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். தாமும் எலி வருஷத்தில் பிறந்தவர் என்பதை அடக்கத்தோடு சேர்த்துக்கொண்டார். புதிதாக வேலைக்கு வந்த ஆய்வாளர் ஒருவர், எலிக்கு எவ்வளவு கொலஸ்ட்ரால் கொடுத்தாலும் லேசில் குழாய் அடைக்காது என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதே என்று மெல்ல ஆரம்பித்தார். மறுவாரமே அவருக்குக் கடலோரக் கிளைக்கு மாற்றல் வந்தது. கிளை என்று அங்கே இருந்தது மீன்வலை போட்டுவைக்கும் ஒரு கொட்டகை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நிறுவனம் என்றால் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காது. அதற்குக் கூரை போட்டுச் சுவர் எழுப்பிக் குடியும் போகும். நிர்வாகப் பிரிவுத் தலைவர் ஷிஷிதோ புது விதி ஒன்று கொண்டுவந்தார். குழாய் அடைபட்ட விலங்கு ஆய்வுக்குத் தகுதியற்ற விலங்கு. தகுதியற்ற விலங்கை ஆய்வகம் வாங்கியிருக்காது. வாங்காத விலங்கை வளர்த்திருக்க முடியாது. வளர்க்காத விலங்கு செத்திருக்கவும் முடியாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆட்களை நாம் பார்த்திருக்கிறோம். இவர்கள் ஒரு படி மேலே போய், பிடித்த முயலே இல்லை என்று முடித்தார்கள்.

அந்த வருஷம் பூசை ஏற்பாட்டுப் பொறுப்பு முறைப்படி தொமிகோவுக்கு வந்தது. எந்தெந்த விலங்குகளுக்குப் பூசை என்று பிக்குவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். முயல், பன்றி, குரங்கு, எலி என்று அவள் ஷிஷிதோவிடம் போய்ச் சொன்னாள். அவர் எலியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"அதுங்களும்தானே செத்துச்சு," என்றாள் தொமிகோ. "என் கையாலதான் கொன்னேன்."

"நீங்க கொல்லல தொமிகோ-சான். வீணா ஏன் பழியத் தூக்கித் தலையில போட்டுக்கறீங்க? முயலுக்குப் பூசை வெச்சா, முயல் செத்துச்சுன்னு ஆகும். செத்துச்சுன்னா எதால செத்துச்சுன்னு ஒருத்தன் கேப்பான். பூசைங்கறது மன அமைதிக்கு. கேள்வி வந்தா அமைதி போயிடும்."

"நான் அதுங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

"என்னன்னு?"

"செப்டம்பர்ல பூசை உண்டுன்னு."

ஆய்வகத்தின் பெயரால் வெளியாட்களுக்கு வாக்குக் கொடுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை என்று ஷிஷிதோ மிகவும் கனிவாகச் சொன்னார். அவள் எழுந்து கதவுவரை போனதும், இன்னொரு விஷயம் என்று கூப்பிட்டார். விலங்கு அறையின் கோடிக் கூண்டில் ஒரு முயல் இருப்பதாக அவர் காதுக்கு வந்திருந்தது.

இருந்தது உண்மைதான். புல் மட்டும் தின்ற கூட்டத்தில் கடைசியாக மிஞ்சிய ஆண் முயல். பழுப்பு நிறம், இடது காதின் உள்புறம் நீல மையில் குத்திய எண். மற்றவற்றைக் கொன்ற அன்றைக்குச் சாயம் தீர்ந்துபோனதால் தள்ளிப்போய், அப்படியே தப்பியது. முயல் ஆய்வே நடக்கவில்லை என்றான பிறகு அதற்குத் தீவனம் வருவது நின்றது. தொமிகோ தன் குடியிருப்பு முக்கில் உள்ள காய்கறிக் கடையில் முள்ளங்கி இலை வாங்கிவந்து போட்டுக்கொண்டிருந்தாள். கோபக்கார முயல். காலையில் ஒலிபெருக்கியில் கொனுமாவின் குரல் கேட்டதும் பின்னங்காலைக் கூண்டின் பலகையில் டொம்மென்று அடிக்கும். அதற்காகவே அவளுக்கு அதைப் பிடிக்கும்.

"இல்லாத முயலு அங்க இருக்கறது அழகில்ல," என்றார் ஷிஷிதோ. "பூசை முடிஞ்ச வாரத்துக்குள்ள இல்லாமப் பண்ணிடுங்க."

வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று அவள் கேட்டாள். ஆய்வகத்து விலங்கு எதுவும் உயிரோடு வாசலைத் தாண்டக் கூடாது, தாண்டினால் திருட்டு, திருட்டுக்கு வேலை போகும் என்றார். அப்படியானால் அது ஆய்வகத்து விலங்குதானே என்று அவள் கேட்டதற்கு, அவருக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே தொமிகோ ஊசியை எடுத்துக்கொண்டு கோடிக் கூண்டுக்குப் போனாள். வேலை வேலைதான். முயலைத் தூக்கி மடியில் வைத்துக் காதோரம் குனிந்தாள். செப்டம்பர்ல என்று ஆரம்பித்தாள். மேலே வரவில்லை. பொய் சொல்லிக் கொல்ல அவளால் முடியவில்லை. உண்மையைச் சொல்லிக் கொல்வதென்றால், உனக்குப் பூசை கிடையாது, நீ செத்ததாகவே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்கிற வாயும் அவளுக்கு இல்லை. ஊசியைத் திரும்ப எடுத்துப் பெட்டியில் வைத்தாள். கை முதல்முறையாக நடுங்கியது.

பூசை நாள் வந்தது. செப்டம்பர் என்று பேர், வெயில் ஆகஸ்டு வெயில். கறுப்புக் கோட்டில் எல்லோரும் வேர்த்து வழிந்துகொண்டு கல்லின் முன்னால் நின்றார்கள். மூங்கில் காட்டுக் கோயிலிலிருந்து வந்த பிக்கு, விஷயம் தெரியாத மனிதர். சூத்திரத்தில் எல்லா உயிர்களும் கரையேறட்டும் என்று ஒரு வரி வருகிறதே, எலி மட்டும் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். ஷிஷிதோ அவரைத் தனியே அழைத்துப் போய், அந்த ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் மெல்லமாச் சொல்லிடுங்களேன் என்று கேட்டுக்கொண்டார்.

கொகானே சங்கத் தலைவர் ஓயிகாவா காணிக்கையோடு வந்தார். புத்தாண்டுக்கு வைக்கிற அரிசி மாவுக் கட்டி மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உருண்டை. ஆனால் மாவு இல்லை, முழுக்க முழுக்கக் கொகானே. நாலு பேர் தூக்கிக் கல்லின் தலையில் வைத்தார்கள். எதைத் தின்று செத்ததோ அதையே செத்த பிறகும் ஊட்டுகிற பாசத்தைத் தொமிகோ அன்றுதான் கண்டாள். கீழே கைப்பிடி கைப்பிடியாக ஊதுவத்தி புகைந்தது. கொனுமா சுருள் காகிதத்தை விரித்து எலிகளை நோக்கிப் பேசத் தொடங்கினார்.

"எலிகளே! நீங்கள் நன்றியுள்ள ஜீவன்கள். கொடுத்ததைத் தின்றீர்கள். தின்ற பிறகு எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அறிவியல் உங்களிடம் எதிர்பார்த்தது அவ்வளவுதான். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற ஜீவனைத் தேடி இந்த ஆய்வகம் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. எத்தனையோ ஜீவன்கள் எங்களைக் கைவிட்டன. அவற்றின் பெயரைச் சொல்லி இந்தப் புனிதமான இடத்தை அசுத்தம் செய்ய மாட்டேன். நீங்கள் கைவிடவில்லை. உங்களுடைய வெளுத்த குழாய்களின் சாட்சியத்தால், வரும் திங்கட்கிழமை முதல் மாகாணம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவில் கொகானே சேர்கிறது. நிம்மதியாக உறங்குங்கள்."

ஓயிகாவா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்துப் பேசினார். தாம் இன்றுவரை கொகானேயை வாயில் வைத்ததில்லை என்றும், தாம் ஒரு துளி தின்றால் எங்கோ ஒரு குழந்தைக்கு ஒரு துளி குறையுமே என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம் என்றும் சொன்னார். கூட்டத்தில் இரண்டு பேர் விசும்பினார்கள்.

தொமிகோ தலை குனிந்து நின்றாள். எலிகளுக்குச் சேரவேண்டியதை எலிகளுக்குச் சொல்லிவிட்டு, உதடு அசையாமல் முயல்களையும் பன்றிகளையும் குரங்குகளையும் கூப்பிட்டுப் பார்த்தாள். கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவள் மாதிரி திருட்டுத்தனமாகக் கும்பிட வேண்டியிருந்தது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சாப்பாட்டுக்கும் ஏற்பாடு அவள்தான். ஊழியர்களுக்குக் கொகானேயில் பொரித்த உருளைக்கிழங்கு வடை, கொகானேயில் வறுத்த பன்றி இறைச்சி, கொகானே தடவிய ரொட்டி. தலைவர்கள் மேசைக்கு மட்டும் தனிப் பெட்டி என்று ஷிஷிதோ முன்கூட்டியே சொல்லியிருந்தார்: வார்கோதுமை கலந்த சோறு, வெந்த டோஃபு, ஆவியில் வைத்த முள்ளங்கி இலை. பெட்டியைத் திறந்து வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"இயக்குநர் ஐயாவுக்கு ஒரு வடையாவது வெக்கட்டுமா?" என்று ஷிஷிதோவிடம் கேட்டாள்.

"ஐயையோ, வேணாம். ஐயாவுக்கு வசந்தத்துல நெஞ்சு வலி வந்துச்சில்ல. டாக்டரு கொழுப்பையே பாக்கக் கூடாதுன்னுட்டாரு. ஓயிகாவா ஐயாவுக்கும் அதே டாக்டருதான்."

"டாக்டரு எந்த விலங்கப் பாத்துட்டுச் சொன்னாராம்?"

"அது மருத்துவம், தொமிகோ-சான். நம்மளது ஆராய்ச்சி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

ஊருக்குத்தான் உபதேசம். அவள் தன் பெட்டியை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே காணிக்கை உருகிக்கொண்டிருந்தது. மேலே வெயில், கீழே ஊதுவத்திக் கனல். மேல் உருண்டை சரிந்து கீழ் உருண்டையோடு கலந்து, மஞ்சளாகக் கல்லின் நெற்றியில் இறங்கி, முகமெல்லாம் வழிந்தது. பின்னேரம் மலைக்காற்று வந்ததும் வழிந்தது வழிந்த இடத்திலேயே இறுகிவிட்டது. மறுநாள் காலை பார்த்தால், கொனுமாவின் கையெழுத்தைக் காணோம். செதுக்கிய பள்ளங்களில் எல்லாம் கொழுப்பு நிறைந்து, மேலே ஆடை கட்டி, ஈ மொய்த்து, ஊதுவத்திச் சாம்பல் ஒட்டிக் கிடந்தது. பூனை ஒன்று 'ஆவி' என்ற எழுத்தை நக்கிக்கொண்டிருந்தது.

வெந்நீர் ஊற்றினார்கள். இளகிய கொழுப்பு கல்லின் நுண்துளைகளுக்குள் இன்னும் ஆழமாக இறங்கியது. சுரண்டினார்கள், எழுத்தின் ஓரம்தான் பெயர்ந்தது. புதன்கிழமைக்குள் கெட்ட நாற்றம் எடுத்து, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வேலை செய்ய வேண்டியதாயிற்று. கொகானே ஓடிய வழியெல்லாம் அடைத்துக்கொண்டதை ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆகவே அதைச் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு விசாரணைக் குழு தேவைப்பட்டது.

குழு கல்லைச் சுற்றி நின்று மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஆராய்ந்தது. சாயம் போட்டுப் பார்க்கலாமா என்று தொமிகோ கேட்டாள். வேண்டாம் என்று குழுவின் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கொனுமா கூட்டத்தைக் கூட்டினார்.

"கல்லுக்கு ரத்த ஓட்டம் உண்டா? கிடையாது. உடற்பயிற்சி? கிடையாது. பன்னிரண்டு விலங்குல கல்லு எங்கயாவது வருதா? வரல. எழுதிக்குங்க. கல்லு வேற, மனுசன் வேற."

எழுதிக்கொண்டார்கள். விதி விதிதானே, அடைபட்டது எதுவோ அது தகுதியற்றது, தகுதியற்றது எதுவோ அது ஆய்வகத்தில் இல்லை. கல்லின்மேல் பச்சைத் தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டினார்கள். போகிற வருகிற போது கல்லுக்குத் தலைகுனிந்து பழகியவர்கள் இப்போது அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தார்கள். தோட்டக்காரர் அதில் இடித்துக்கொண்டு முழங்காலில் ரத்தம் வந்தபோது, எதில் இடித்துக்கொண்டார் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவர்களுக்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு.

அந்தத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் தொமிகோவுக்குப் புத்தி வேலை செய்தது. மூன்று வருஷமாக இந்த வளாகத்தில் இருப்பவர்கள்தான் பயந்து பயந்து நடக்கிறார்கள். இல்லாதவற்றுக்கு எவ்வளவு சுதந்திரம்.

திங்கட்கிழமை காலை, பள்ளிகளில் கொகானேயைத் தொடங்கிவைக்கப் புறப்பட்ட ஓயிகாவாவை வழியனுப்ப எல்லோரும் வாசலில் கூடியிருந்த நேரம் பார்த்து அவள் விலங்கு அறைக்குப் போனாள். முயலைக் கூண்டிலிருந்து எடுத்தாள். பெட்டியில் ஒளிக்கவில்லை, பையில் போடவில்லை. கையில் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு நேராக வாசலுக்கு நடந்தாள். காவல்காரர் செகி, நல்ல மனிதர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு குறுக்கே வந்தார்.

"கையில என்ன தொமிகோ-சான்?"

"முயலு."

"வெளிய போறதுன்னா ஷிஷிதோ ஐயா சீட்டு குடுக்கணுமே," என்று அவர் ஷிஷிதோவைத் திரும்பிப் பார்த்தார்.

ஷிஷிதோவின் முகத்தில் வேர்வை அரும்பியது. சீட்டுக் கொடுத்தால் முயல் இருந்தது என்றாகும். தடுத்தாலும் முயல் இருந்தது என்றாகும். அவர் முயலுக்கு ஒரு முழம் மேலே, வானத்தைப் பார்த்துப் பேசினார்.

"எந்த முயலு? நம்ம ஆய்வகத்துல முயல் கிடையாது."

"அதைத்தான் நானும் சொல்றேன். அப்ப இது உங்களது இல்ல. நான் எடுத்துட்டுப் போகலாம்ல?"

முயல் காதை நிமிர்த்தியது; நீல எண் எல்லோருக்கும் தெரிந்தது. கொனுமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோமம் மினுமினுவென்று, கண் தெளிவாக, ஒரு நோய் நொடி இல்லாமல் இருந்தது அது. அவர் முகத்தில் ஆராய்ச்சிக்காரனுக்குரிய ஒரு கேள்வி, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, தற்செயலாக எட்டிப் பார்த்தது.

"எதத் தின்னு இப்படி இருக்கு?"

"முள்ளங்கி இலை ஐயா," என்றாள் தொமிகோ. "உங்க பெட்டிக்கு வாங்கின அதே கடை."

கொனுமா வாயைத் திறந்தார். முயல் வேற, என்று ஆரம்பித்தார். அவர் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த மாத்திரை டப்பாவைத் தடவியது.

"அங்க ஒண்ணுமில்ல செகி, கதவத் திற," என்றார் ஷிஷிதோ.

செகி கதவைத் திறந்தார். ஒன்றுமில்லாததை மார்போடு அணைத்துக்கொண்டு தொமிகோ வெளியே வந்தாள். நாளைக்குத் திரும்பி அந்த வாசலுக்குள் போவதில்லை என்று பாலம் தாண்டும் முன்பே முடிவு செய்துவிட்டாள். மனசு லேசாகத்தான் இருந்தது, ஆரம்பப் பள்ளிக்கூடத்து முக்கு வரும்வரை.

மத்தியானமாகியிருந்தது. பள்ளிச் சமையல்கூடத்துப் புகைபோக்கி வழியே கொகானே காய்கிற வாசனை தெருவெல்லாம் அடித்தது. வெள்ளைத் தொப்பியும் வெள்ளை மேலாடையும் போட்ட பிள்ளைகள், அன்றைக்குப் பரிமாறும் முறை வந்தவர்கள், இரண்டிரண்டு பேராகச் சாப்பாட்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு வேலியோரமாகப் போனார்கள். கடைசியாக வந்த சிறுமி வாளியைக் கீழே வைத்துவிட்டு வேலிக் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டாள்.

"அத்தை, முயலு காதுல என்ன எழுதியிருக்கு?"

"எண்ணு."

"எதுக்கு?"

"இது எதைத் தின்னுச்சு, தின்னதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு மறக்காம இருக்க."

சிறுமி தன் காதைப் பிடித்து மடித்துக் காட்டினாள். "என் காதுல இல்லையே," என்றாள் சிரித்துக்கொண்டு. உதட்டோரத்தில் மஞ்சளாக எண்ணெய் மின்னியது. வழியிலேயே ஒரு வாய் ருசி பார்த்திருந்தாள்.

நாளைக்கு இவளுக்கு ஏதாவது என்றால் கொனுமா என்ன சொல்வார் என்று தொமிகோவுக்குத் தெரியும். குழந்தை வேறு, மனிதன் வேறு. எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். முயல் அவள் கையில் பின்னங்காலை டொம்மென்று உதைத்தது. இதைத் தின்னாதே என்று சொல்ல அவள் வேலியை நோக்கிக் குனிந்தாள். குனிந்து பழகிய பழக்கம், அந்தச் சின்னக் காதின் அருகே போனதும், நாக்கில் வேறு வாக்கியம்தான் வந்து நின்றது: செப்டம்பர்ல உனக்குப் பூசை உண்டு.